நற்பிறப்பு யாருடையது?

‘யூஜெனிக்ஸ்’ என்னும் சொல்லை ‘இனமேம்பாட்டியல்’ எனத் தமிழாக்குவோர் உளர். அதனைப் படித்த என் மாணவன் ஒருவன், “மேம்பாடு நல்லதுதானே, சேர்?” என்று வினவினான். அவன்மீது குற்றமில்லை; மொழிபெயர்ப்பே அவனை ஏமாற்றிவிட்டது.

சொல்லின் வேரை நோக்குவோம். கிரேக்கத்தில் ‘இயூ’ என்பது நன்மையையும் ‘கெனோஸ்’ என்பது குலத்தையும் குறிக்கும். இவற்றின் வழிவந்த ‘இயூகெனேஸ்’ என்னும் பழஞ்சொல் உயர்குடிப் பிறந்தோனைச் சுட்டியது. இதற்கு நேரான சொல்லைத் தேடி நாம் அலையவேண்டியதில்லை. ‘குடிப்பிறந்தார்’ என்று நாம் வழங்கிவந்தது இதுவே. (அச்சொல் யாழ்ப்பாணத்தில் யார் யாரைக் கிணற்றில் நீரள்ள விடாது தடுத்தது என்பதை வாசகர் அறிவர்.)

இவ்வேரிலிருந்து 1883இல் புதுச்சொல் ஆக்கியவர் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கோல்ற்றன். நீதிபதிகள், அரசியலறிஞர் முதலியோரின் சுற்றத்தாரை எண்ணிப் பார்த்து, மேதைமை இரத்தத்தில் வருவதென 1869இலேயே நூலெழுதி முடிவுகட்டியவர் அவர். நீதிபதியின் மகனுக்கு இரத்தத்தோடு வீடும் கல்வியும் செல்வாக்கும் சேர்ந்தே வந்தனவே, அவற்றை எக்கணக்கில் எழுதுவது? கோல்ற்றனின் பாட்டனார் பேர்மிங்காமில் துப்பாக்கி செய்து பொருளீட்டியவர். 1844இல் தந்தை இறந்ததும் கிடைத்த செல்வத்தைக் கொண்டு மருத்துவப் படிப்பைக் கைவிட்டு வாழ்ந்தவர் நம் விஞ்ஞானி! பிறப்பின் பயனை அவர் நன்கறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

இக்கொள்கை ஏட்டோடு நின்றிருப்பின் நாம் நகைத்துவிட்டுப் போகலாம். அமெரிக்காவின் வேர்ஜினியாவில் கறி பக் என்னும் ஏழைப்பெண் வளர்ப்புக் குடும்பமொன்றில் வேலைசெய்து வாழ்ந்தாள். அக்குடும்பத்தின் உறவினன் தன்னைக் கெடுத்தான் என்றாள். கருவுற்ற அவளைக் குடும்பத்தார் ‘மந்தபுத்தியினள்’ எனச் சொல்லி விடுதியிற் சேர்த்தனர். 1927இல் உயர்நீதிமன்றம் எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற வாக்கில் அவளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ய இசைந்தது. பரம்பரை மந்தமெனக் குறிக்கப்பட்ட அவள் மகளோ பள்ளியில் திறமைப் பட்டியலில் இடம்பெற்று, எட்டு வயதில் இறந்தாள். யேர்மனியில் 1933இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இவ்வாறு அறுக்கப்பட்டனர்.

சோஷலிசம் பேசிய பேபியன் சங்கத்தாருள் சிட்னி வெப்பும் பேர்ணாட் ஷோவும் இக்கருத்தை வரவேற்றனர். நம் பக்கத்து வெட்கத்தையும் மறைக்க நான் விரும்பவில்லை.

‘மேம்பாடு’ என்பதை அடித்துவிட்டு, மாணவனின் கொப்பியில் ‘குடிப்பிறப்பு வாதம்’ என எழுதிக்கொடுத்தேன். சொற்கோவை தொகுப்போர் இதனினும் பொருந்திய சொல்லைக் கண்டால் மகிழ்வேன். மேம்பாட்டை மட்டும் அதனருகில் வைக்கவேண்டாம்.