மேலதிகச் சில்லு இல்லாத வாகனங்களும் மலைநாட்டு வீதிகளும்

மோட்டார் வாகனமொன்றை வாங்க முனைவோர் அதன் இயந்திரத்தையும் எரிபொருள் சிக்கனத்தையும் துருவித் துருவி ஆராய்கின்றனர். ஆனால், பொதிகள் வைக்கும் பகுதியின் அடித்தட்டை உயர்த்திப் பார்ப்போர் மிகச் சிலரே. அங்கு ‘ஸ்பெயார் வீல்’ என நாம் வழங்கும் மேலதிகச் சில்லு இருக்கும் என்பது பலரது நம்பிக்கை. நடுவீதியில் டயர் காற்றிழந்து நிற்கும் வேளையில்தான், அவ்விடத்தில் சிறிய போத்தலொன்றும் காற்றடிக்கும் சிறு பம்பியும் மாத்திரமே இருப்பதை அவர்கள் அறிகின்றனர்.

இது ஏதோ ஓரிரு வாகனங்களுக்கு மட்டும் உரிய குறைபாடல்ல. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்படுவதற்கு முந்திய ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து பெருந்தொகையாக எமது நாட்டுக்கு வந்த சுசுகி வெகன் ஆர், டொயோட்டா அக்குவா, ஹொண்டா வெசல் போன்றவற்றில் பெரும்பாலானவை இவ்வாறே வந்தன. எடையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துவதும், ஹைபிரிட் மின்கலத்துக்கு இடம் ஒதுக்குவதும், செலவைக் குறைப்பதுமே உற்பத்தியாளரின் நோக்கங்களாகும். 2025 பெப்ரவரி முதல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின் வந்துசேரும் மின்சார வாகனங்கள் பலவற்றிலும் மேலதிகச் சில்லு இல்லை. அமெரிக்காவிலும் 2015 ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை மேலதிகச் சில்லு இன்றியே விற்பனைக்கு வந்ததாக அந்நாட்டு மோட்டார் வாகனச் சங்கம் சுட்டிக்காட்டியிருந்தது.

எனினும், ஜப்பானின் நிலைமை வேறு. கண்டியின் நிலைமை வேறு. அங்கு தொலைபேசியில் அழைத்தால் வீதியோர உதவிச் சேவை வந்துசேரும் என்ற உறுதிப்பாட்டின் மீதே இவ்வேற்பாடு வகுக்கப்பட்டது. எமது அதிவேக நெடுஞ்சாலைகளிலும் 1969 என்ற இலக்கத்தை அழைத்து உதவி பெற முடிகின்றது. ஆனால், மத்திய அதிவேக நெடுஞ்சாலை இன்னமும் கண்டியை வந்தடையவில்லை. கடுகண்ணாவை ஏற்றத்திலோ, மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளிலோ, ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பாலோ இரவு வேளையில் டயர் வெடித்து நிற்கும் குடும்பத்துக்கு அத்தகைய சேவை எதுவும் காத்திருப்பதில்லை. பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் உள்ள டயர் கடைகள் இரவில் மூடப்பட்டு விடுகின்றன. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்புவோர் பயணிப்பதோ பெரும்பாலும் இரவில்தான்.

போத்தலில் உள்ள பசையின் இயல்பையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆணி குத்திய சிறு துவாரத்தை, அதுவும் டயரின் தரையில் படும் பகுதியில் சில மில்லிமீற்றர் அளவில் இருந்தால் மாத்திரமே, அது தற்காலிகமாக அடைக்கும். குழியில் விழுந்து பக்கச்சுவர் கிழிந்தாலோ டயர் வெடித்தாலோ அது எவ்வித பயனும் அளிக்காது. மழைக்குப் பின்னர் குழிகள் மலிந்து காணப்படும் எமது வீதிகளில் நேர்வது பெரும்பாலும் இத்தகைய சேதமே. அதைவிடப் பாரதூரமான விடயம், அப்பசைக்குக் காலாவதித் திகதி உண்டு என்பதாகும். அதன் ஆயுட்காலம் பொதுவாகச் சில ஆண்டுகள் மட்டுமே. அவ்வாறாயின், 2020 இற்கு முன்னர் வந்த வாகனங்களில் இன்றும் மாற்றப்படாது கிடக்கும் போத்தல்களில் பெரும்பாலானவை காலாவதியாகி விட்டன என்றே கொள்ள வேண்டும். சில்லுக்குப் பதிலாக வந்த பொருளும் இன்று செயலிழந்துள்ளது. உரிமையாளர் அதனை அறியார்.

மலைநாட்டில் வாகனம் எங்கு நிற்கின்றது என்பதும் உயிர்ப் பிரச்சினையாகும். 2025 நவம்பர் 22 ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் கொழும்பு - கண்டி வீதியோரத்தில் சரிந்த மண்மேடு உயிர்களைப் பலிகொண்டது. சில நாட்களில் வீசிய டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தின் வீதிகள் பலவற்றைச் சிதைத்தது. மழைக்காலத்தில் வெட்டப்பட்ட மண்சரிவின் அடியில் வாகனத்தை நிறுத்திவிட்டு உதவிக்காகக் காத்திருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை விபரிக்கத் தேவையில்லை. டயர் பழுதாகிப் போனாலும் பரவாயில்லை என்று எண்ணி, மெதுவாக ஊர்ந்து சென்று, வளைவுக்கும் சரிவுக்கும் அப்பால் சமதரையொன்றில் நிறுத்துவதே விவேகமாகும். எச்சரிக்கை விளக்குகளை ஒளிரவிட்டு, பயணிகளை வீதியின் ஓரத்துக்கு அப்பால் அனுப்பி, சில்லுகளுக்குக் கல் அண்டை வைத்த பின்னரே வேலையை ஆரம்பிக்க வேண்டும். வலப்பக்கச் சில்லாயின் அதனைக் கழற்றுபவரின் முதுகு ஓடும் வாகனங்களை நோக்கியே இருக்கும் என்பதால், பின்னால் எச்சரிக்கை செய்ய ஒருவர் நிற்பது அவசியம்.

மேலதிகச் சில்லு உள்ளவர்களும் நிம்மதி கொள்ள இயலாது. ஆண்டுக்கணக்கில் காற்றுப் பார்க்கப்படாத சில்லு, வேளை வரும்போது தானே காற்றிழந்து கிடக்கும். அளவில் சிறிய தற்காலிகச் சில்லுக்கு ஏனைய டயர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காற்றழுத்தம் தேவை; அதில் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் செல்லவும் கூடாது.

இவ்விடயத்தில் முதற்பொறுப்பு விற்பனையாளருக்கே உரியது. மேலதிகச் சில்லு உண்டா, பசைப் போத்தலாயின் அதன் காலாவதித் திகதி யாது என்பவற்றை எழுத்தில் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை முன்வர வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபையும் சேதமடைந்த மலைப்பாதைகளைச் செப்பனிடும் இவ்வேளையில், பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய ஒதுக்கிடங்களை அமைப்பதில் கவனஞ்செலுத்த வேண்டும்.

அதிகாரிகள் விழித்தெழும்வரை வாகன உரிமையாளர் காத்திருக்க வேண்டியதில்லை. தமது வாகனத்துக்குப் பொருந்தும் சில்லொன்றையும் ஜாக்கியையும் வாங்கி வைப்பது ஒரு வழி. அதற்கு இயலாதோர் புதிய போத்தலையாவது வாங்கி வைக்கலாம். தமது காப்புறுதி ஒப்பந்தத்தில் வீதியோர உதவி அடங்குகின்றதா எனக் கேட்டறியலாம். அடித்தட்டை உயர்த்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை வீட்டு முற்றத்தில் செலவிடாதவர், பல மணி நேரத்தை இருளில், மழையில், மலைச்சரிவின் ஓரத்தில் செலவிட நேரிடும்.