கம்பியில்லா வலையிற் சேருமுன்

பல்கலைக்கழகம் புகும் மாணவர் இக்காலத்தில் உடன் கொண்டு செல்லும் பொருள்களுள் மடிக்கணினி முதலிடம் பெற்றுவிட்டது. விரிவுரைக் குறிப்புகளும் ஒப்படைகளும் அறிவித்தல்களும் அதன் வழியே வருகின்றன. ஆதலால், புதிய மாணவர் முதல் வாரத்திலேயே நாடுவது பல்கலைக்கழகத்தின் கம்பியில்லா வலையமைப்பை. அதாவது வை-பை இணைப்பை. அதிற் சேர முயன்று முடியாமற் சலித்து, வீட்டார் அனுப்பும் பணத்தைக் கைப்பேசி டேட்டாவுக்குச் செலவிடுவோர் ஒரு சாரார். எப்படியேனும் சேர்ந்தாற் போதுமென அவசரப்பட்டு, வரக்கூடிய கேட்டை எண்ணாதோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் பயன்படும் செய்திகள் சிலவற்றை இவ்வாரம் கூறக் கருதினோம்.

வீட்டிலுள்ள வை-பைக்குக் கடவுச்சொல் ஒன்றே. வீட்டாரும் விருந்தினரும் அதனையே வழங்குவர். ஆயிரக்கணக்கானோர் பயிலும் பல்கலைக்கழகத்தில் எல்லோர் கையிலும் ஒரே திறப்பைக் கொடுத்தல் தகாது. எனவே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கின்றனர்.

உலகின் பல பல்கலைக்கழகங்கள் இதற்குப் பொதுவானதோர் ஏற்பாட்டைக் கைக்கொண்டுள்ளன. 'எடுரோம்' என்பது அதன் பெயர். நெதர்லாந்தைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா என்பவர் 2002 ஆம் ஆண்டில் இவ்வெண்ணத்தை வெளியிட்டார். 2003 இல் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அது பரீட்சிக்கப்பட்டது. இன்று நூறுக்கு மேற்பட்ட நாடுகளில் அது உண்டு. நம் நாட்டில் 'லேர்ண்' எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு அதனை நடத்துகின்றது. இதிற் சேர்ந்துள்ள ஒரு நிறுவனத்தின் மாணவர், சேர்ந்துள்ள வேறெந்த நிறுவனத்துக்குச் சென்றாலும், கடல் கடந்து சென்றாலும், தம் சொந்தக் கணக்கைக் கொண்டே அங்கே இணையலாம்.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? விரிவுரை மண்டபத்தின் கூரையிற் பொருத்தியுள்ள சிறு பெட்டிக்கு உங்கள் கடவுச்சொல் சரியா பிழையா என்பது தெரியாது. பயனர் பெயரில் 'அற்' குறியின் பின்னே வரும் நிறுவனப் பெயரைப் பார்த்து, அந்நிறுவனத்தின் சேவையகக் கணினிக்கு அது செய்தியை அனுப்பி வைக்கின்றது. கடித உறையின் மேலுள்ள ஊர்ப் பெயரைப் பார்த்து அனுப்பும் தபாற் கந்தோரைப் போன்றதே அதன் வேலை. உறையினுள்ளே இருப்பதை அது வாசிப்பதில்லை. நிறுவனப் பெயரை விட்டுத் தம் பெயரை மாத்திரம் எழுதுவோர், தம் ஊரில் ஒருவேளை இணைந்தாலும், அயலூரில் இணைய முடியாமைக்குக் காரணம் இதுவே. விலாசமில்லாக் கடிதம் எங்கே போய்ச் சேரும்?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். வலையின் பெயர் என்பது கடையொன்றின் பெயர்ப்பலகை போன்றது. யாரும் எழுதித் தொங்கவிடலாம். தீயோன் ஒருவன் சிறு கருவியொன்றைச் சிற்றுண்டிச்சாலையில் வைத்து அதே பெயரைப் பரப்புவானாயின், அப்பெயரை நினைவில் வைத்திருக்கும் கணினி தானாகவே அதனை நாடும். வெளுத்ததெல்லாம் பாலென நம்பும் கணினி அவனிடம் கடவுச்சொல்லையே ஒப்படைத்துவிடலாம். அல்லது அதனைக் கண்டுபிடிக்கப் போதுமான தடயத்தைக் கொடுத்துவிடலாம். பல இடங்களில் அதே கடவுச்சொல்லே மின்னஞ்சலையும் பாடப் பதிவுகளையும் திறக்கும் என்பதை நினைக்கும்போது, இழப்பு எவ்வளவு பெரிதென்பது விளங்கும்.

இக்கேட்டைத் தடுப்பதற்கே சான்றிதழ் என்னும் ஏற்பாடு உள்ளது. கடவுச்சொல்லைப் பெறுமுன் சேவையகம் தன் சான்றிதழைக் காட்டித் தான் இன்னாரென மெய்ப்பிக்க வேண்டும். கணினி அதனைச் சரிபார்த்த பின்னரே பேச்சைத் தொடர வேண்டும். ஆனால், இணைப்பு விரைவிற் கிடைக்கவில்லையென்று "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்" என்னும் தெரிவை அழுத்திவிடுவோர் உளர். நண்பர்களுக்கும் அதனையே கற்பிக்கின்றனர். இது வாயிற்காவலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, செய்யவேண்டியவை இவை. நிறுவனம் தரும் எடுரோம் அமைப்பு நிரலைக் கொண்டே கணினியை ஆயத்தம் செய்க. சரியான சான்றிதழையும் சேவையகப் பெயரையும் அதுவே பதிந்துவிடும். அந்நிரலை இறக்குவதற்கும் இணைய வசதி வேண்டுமாகையால், வீட்டிலிருந்து புறப்படுமுன் அதனைச் செய்துகொள்வது நன்று. நிரல் இல்லையெனின், கணினி நிலையத்தாரிடம் சேவையகப் பெயரைக் கேட்டறிந்து, திரையிற் காண்பதோடு ஒப்பிடுக.

கணினியின் திகதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கணினிகளில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தேய்ந்தால் திகதி பின்னோக்கிப் போய்விடும். அப்பொழுது நல்ல சான்றிதழும் செல்லாததாகவே தோன்றும். கடவுச்சொல்லை மாற்றிய பின் இணைப்பு அறுந்தால், கணினி பழையதையே திரும்பத் திரும்ப அனுப்புகின்றது என்று கொள்க. சேமித்த இணைப்பை நீக்கிப் புதிதாகப் பதிந்தாற் குறை தீரும்.

தோழருக்குக் கணக்கை இரவல் கொடுக்கும் வழக்கத்தையும் மாணவர் விட்டொழித்தல் வேண்டும். அவர் செய்யும் குற்றம் உங்கள் பெயரிலேயே பதிவாகும். இல்லையென நிறுவுவது எளிதன்று.

பிள்ளைக்குப் பெட்டி அடுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்நியர் வந்து கதவைத் தட்டினால் "யார்?" என்று கேட்காமல் திறவாதே எனச் சிறு வயதிலே சொல்லிக் கொடுத்தீர்கள். கணினியின் முன்னும் அதே புத்தியே வேண்டுமென்பதை இப்பொழுது ஒருமுறை நினைவூட்டுங்கள்.