பச்சை விளக்கை நம்பலாமா?

ஆவக்காய் போட்டு, வேடு கட்டி, ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து விருந்தாளி வந்த அன்று வேட்டை அவிழ்த்தால் மேலெல்லாம் பூசணம்! ஜாடியின் பேரிலா தப்பு? நடுவில் ஒரு நாளாவது திறந்து பார்க்காத நம் பேரில்தான்.

சென்ற தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஜாடியைத் திறந்தோம். அது ஊறுகாய் ஜாடி அல்ல, கம்ப்யூட்டர் ஜாடி.

'நாஸ்' என்று சொல்லுகிறார்களே, அந்தப் பெட்டிதான். உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கும். ரவுட்டரோடு ஒரு கம்பியால் இணைத்து அலமாரி மேல் வைத்துவிட்டால், வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் ராத்திரிதோறும் தானாகவே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். இதற்கு 'பேக்கப்' என்று பெயர். எங்கள் வீட்டுக்காரர் அதை வாங்கி வைத்த நாளிலிருந்து அதன் பச்சை விளக்கைக் காட்டி, "இனிமேல் நமக்குக் கவலையே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. டிஸ்க் போய்விட்டதாம். கடையில் கொடுத்தும் மீட்க முடியவில்லை. "போனால் போகிறது, பெட்டி இருக்கிறதே" என்றார் இவர். பெட்டியைத் திறந்தோம். சித்திரை மாதம் அழகர் ஆற்றில் இறங்கிய படங்கள் வரை இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை!

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் இதுதான்: என் அத்தை, அதாவது மாமியார், பழைய நலங்குப் பாட்டுகள் நிறையத் தெரிந்தவர். எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத பாட்டுகள். வைகாசியிலும் ஆனியிலும் பக்கத்தில் உட்கார்ந்து பதினொரு பாட்டுகளைப் பாடச் சொல்லிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். ஆடியில் அத்தை காலமாகிவிட்டார்.

அடுத்த தெருவில் இந்த வேலை தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் வந்ததும் பெட்டியைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"கடைசியா எந்தத் தேதி வரைக்கும் பிரதி இருக்குக்கா?"

"அழகர் ஆத்துல இறங்குன நாள் வரைக்கும் இருக்கு தம்பி."

"அந்த வாரம் வீட்டுல எதை மாத்துனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். அந்த வாரம் கோடை மழையில் இடி இடித்து ரவுட்டர் எரிந்துபோயிற்று, புதிது மாட்டினோம். தம்பி சிரித்துவிட்டார். ரவுட்டர்தான் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறதாம். புது ரவுட்டர் பெட்டிக்குப் புது எண்ணைக் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டரோ ராத்திரிதோறும் பழைய எண்ணிலேயே தேடியிருக்கிறது. வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்திலேயே தபால் போட்ட கதை! பச்சை விளக்குக்கு அர்த்தம் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்பதுதான். வேலை நடக்கிறது என்பதல்ல. கம்ப்யூட்டரின் மூலையில் தினமும் 'பேக்கப் நடக்கவில்லை' என்று ஒரு சின்ன எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்ததாம். இவர் அதை விளம்பரம் என்று நினைத்துத் தினமும் மூடியிருக்கிறார்!

உங்கள் வீட்டுப் பெட்டியும் மக்கர் செய்தால், தம்பி சொன்ன வரிசையில் பாருங்கள்.

முதலாவது: கம்ப்யூட்டரிலிருந்து பெட்டியைத் திறக்க முடிகிறதா? இல்லையென்றால் கம்பி, ரவுட்டர், எண் இவற்றில் கோளாறு. பெட்டிக்கு எப்போதும் ஒரே எண்ணைக் கொடுக்கும்படி ரவுட்டரில் ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் பிறகு மாறாது.

இரண்டாவது: பெட்டி தெரிகிறது, ஆனால் உள்ளே விடவில்லையா? பாஸ்வேர்டை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள். பெட்டி மிகப் பழையதானால் வேறொரு காரணமும் உண்டு. அது பேசுகிற 'எஸ்.எம்.பி. 1' என்ற பழைய பாஷையை 2017-க்குப் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகள் தாமாகப் பேசுவதில்லை. அந்த வருஷம் மே மாதம் உலகத்தையே ஆட்டி வைத்த 'வான்னாக்ரை' என்ற விஷமம் அந்த வாசல் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பரவிற்று. ஆகையால் பழைய வாசலை மறுபடி திறக்காதீர்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

மூன்றாவது: உள்ளே விடுகிறது, பாதியில் நின்றுவிடுகிறதா? பெட்டி நிரம்பியிருக்கலாம். அல்லது பிரதி எடுக்க வேண்டிய நேரத்தில் கம்ப்யூட்டர் தூங்கிப் போயிருக்கலாம். நேரத்தை மாற்றி வையுங்கள்.

நாலாவதுதான் முக்கியம்: எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுந்து போய்விடாதீர்கள். பெட்டியிலிருந்து ஏதாவது ஒன்றைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திரும்ப எடுக்க முடிந்தால்தான் அது பிரதி.

இது ஏதோ மதுரை அசட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பிக்ஸார் என்ற பெரிய சினிமாக் கம்பெனியிலேயே நடந்திருக்கிறது. 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' என்ற படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, யாரோ தவறுதலாகக் கொடுத்த ஓர் உத்தரவினால் படத்தின் பெரும் பகுதி அழிந்துவிட்டது. பேக்கப்பைத் தேடினால், அது ஒரு மாதமாகவே சரியாக நடக்கவில்லை! காலின் சஸ்மன் என்ற அம்மாள் அங்கே பெரிய பொறுப்பில் இருந்தவர். கைக்குழந்தைக்காரி என்பதால் வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் பிரதி ஒன்றைத் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் காரில் வைத்து அலுங்காமல் கொண்டுவந்தார்கள். ஒரு தாயார் வீட்டில் இருந்த பிரதி கம்பெனியைக் காப்பாற்றிற்று!

அதனால்தான் ஒரு பிரதி வேறு வீட்டிலும் இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் ஊர்ப் பேரை வைத்துக்கொண்டு 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' செய்வதும் அதுதானே? தமிழ் நூல்களைத் தொண்டர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். ஓர் ஓலைச்சுவடியைக் கரையான் தின்றால் போயிற்று; தேசம் தேசமாகப் பரவிய பிரதிகளை எந்தக் கரையானால் தின்ன முடியும்?

அத்தையின் பாட்டுகள் என்னவாயின என்று கேட்பீர்கள். கோயமுத்தூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு அம்மா ஞாபகமாக அவ்வப்போது சில பாட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பதினொன்றில் ஏழு அவர் போனில் இருந்தன. போனில் கேட்டபோது இரண்டு பேருமே அழுதுவிட்டோம். மற்ற நான்கும் போனது போனதுதான். அவற்றில் ஊஞ்சல் பாட்டு ஒன்று. அதன் இரண்டாவது அடி எனக்கு நினைவுக்கு வரவே மாட்டேன் என்கிறது.

இப்போது மாதாமாதம் அமாவாசையன்று, சாப்பாடு ஆனதும், இவர் பெட்டியிலிருந்து ஒரு பாட்டைத் திரும்ப எடுத்துப் போடுகிறார். அத்தையின் குரல் கூடத்தில் கேட்டால், பெட்டியில் இருப்பதைத் திரும்ப எடுக்க முடிகிறது என்று அர்த்தம். பச்சை விளக்கை யாரும் பார்ப்பதில்லை.