மலைநாட்டு மாணவரும் கடல்வழியும்

விழா நிதியைக் கொண்டு நுழைவாயில் வளைவு ஒன்று எழுப்புதல் வேண்டுமென அன்பர் சிலர் கூறுகின்றனர். யாம் அதற்கு உடன்படோம். அந்நிதியின் ஒரு பகுதியேனும், மாணவர் சிலரைக் கீழைக்கரை ஓரமாகக் கடல்வழியே அழைத்துச் செல்லப் பயன்படுதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

மலைமேல் வாழ்வார்க்குக் கடல் எதற்கு என வினவுவாருமுளர். கண்டி கடலை மறந்த ஊரன்று, இழந்த ஊர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் ஒல்லாந்தர் கைப்பட, கண்டியரசு உள்நாட்டில் அடைபட்டது. 19ஆம் நூற்றாண்டிலோ, நம் மாணவர் பலருடைய முன்னோர் தோணிகளில் வந்து மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து இம்மலைகளை அடைந்தனர். வழியில் மாண்டாரும் பலர். நம் நகரை வளைந்தோடும் மாவலியும் ஈற்றிற் கொட்டியாரக் குடாவிலேயே கடலோடு கலக்கின்றது. இவை அனைத்தையும் கரும்பலகையிற் கோடு கிழித்தே கற்பிக்கின்றோம்.

பேச்சுப் போட்டியிற் சோழர் கடற்படை வாராத ஆண்டில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி'யை அறிந்த மாணவர் எத்துணையர்? ஏறத்தாழ 90 அடி நீளமுடைய அப்பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகள் அதனிற் சென்று செங்கடலும் சுவெஸ் கால்வாயும் மத்தியதரைக் கடலும் அத்திலாந்திக்கும் கடந்து, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்தனர். சோழர் பெருமை ஆயிரம் ஆண்டு பழையது. இதுவோ நம் பாட்டனார் காலத்துச் செய்தி!

தமிழாசிரியராகிய எமக்கு வேறொரு கவலையும் உண்டு. அணியம், பருமல், தாமான், சோழகம், கொண்டல் என்பன அகராதியிற் காணத்தக்க சொற்களே. ஆயினும், காற்று மாறுங்கால் தாமானைத் தளர்த்துவதா இறுக்குவதா என்பதை அகராதி சொல்லாது. அதனை அறிந்த முதியோர் கரையோர ஊர்களிற் சிலரே எஞ்சியுள்ளனர். இயந்திரப் படகு வரவே பாய் அகன்றது. பாயைத் தொடர்ந்து சொல்லும் அகல்கின்றது.

பேருந்திற் கோணேசர் கோயில் சென்று, மாலைக்குள் மீளும் சுற்றுலா இதற்குப் போதாது. திருகோணமலையிற் படகேறி, மூதூர், வெருகல், வாகரை, கல்குடா எனத் துறைதோறும் இறங்கி, முதியோர் வாய்மொழியை எழுதிக்கொண்டு மட்டக்களப்பு வரை செல்லலாம். பாய்த்தோணி கிடையாதாயின் மீனவரது இயந்திரப் படகாயினும் ஆகுக. மிதவைச் சட்டையும், பெற்றோர் இசைவும், கடற்படையினரின் அனுமதியும் இன்றியமையாதன. ஓகஸ்ட் விடுமுறையிற் கீழைக்கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆதலின், சங்கத்தார் சித்திரைக்கு முன்னரே இதனை முடிவு செய்தல் நன்று.