கைச்சாத்துக்கு முந்திய கேள்விகள்

குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓட்டுவோரைப் பழக்க ஒரு சிமுலேட்டர் வேண்டுமென்று ஒரு பயிற்சி நிலையம் நாளை கேட்கிறது என்று வையுங்கள். சரவணை ஊரில் வீட்டு அறையொன்றில் இரண்டு மடிக்கணினியோடு இருக்கும் பிள்ளைகள் அதைச் செய்து கொடுப்பார்கள். திறமைக்குக் குறைவில்லை. விலை பேசுவார்கள், முற்பணமும் வாங்குவார்கள். மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கதை கடைசித் தவணைப் பணம் இழுபடும்போதுதான் எழும்பும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் படைப்பாகவே பார்க்கிறது. சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் போக்கில் எழுதியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கு. வெளியாளிடம் காசு கொடுத்துச் செய்வித்தால் அந்த விதி பொருந்தாது. உரிமை எழுதியவரிடமே நிற்கும். அதைக் கைமாற்ற எழுத்தும் இரு தரப்புக் கையொப்பமும் வேண்டும். பெயர் சொல்லிக் குறிப்பிடாத உரிமை மாறாது. ‘எல்லாம் உங்களுக்குத்தான் அண்ணை’ என்று தொலைபேசியில் சொன்னது உரிமை மாற்றமாகாது. இது மென்பொருள் செய்யும் நமக்கும் பொருந்தும்: இறங்குதுறையின் முப்பரிமாண மாதிரியைச் செய்து தந்த நண்பரிடம் எழுதி வாங்காமல், அதை நாம் இன்னொருவருக்கு விற்க முடியாது.

அடித்தளத்தையும் பாருங்கள். பிரிட்ஜ் கமாண்ட் என்ற இலவசக் கப்பல் சிமுலேட்டர் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் கிடைக்கிறது. அதன் நிரலை மாற்றி விற்கலாம். ஆனால் வாங்குபவருக்கு மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கவேண்டும், அவர் எடுக்கும் பிரதிகளுக்கு ராயல்டி கேட்கவும் முடியாது. அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு எஞ்சினின் 5 வீத ராயல்டி 10 லட்சம் டொலர் வருமானத்துக்கு மேலேதான் என்பதால் நம்மில் பலரை அது தொடாது. இன்னொரு எஞ்சினான யூனிட்டி 2023இல் நிறுவல் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்ப 2024இல் கைவிட்டது. விதியை நடுவழியில் மாற்றக்கூடியவரின் கருவியில் நிலையான விலை பேசுவது ஆபத்து. விதி மாறினால் மேலதிகச் செலவு யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். கடல் வரைபடத்தை வருடி உள்ளே போடுவோரும் உண்டு. அதற்கும் பதிப்புரிமைக்காரர் இருக்கிறார்.

ஜிபிஎல் அடித்தளம் இல்லாத இடத்தில் ராயல்டி பற்றி எங்கள் எண்ணம் இது. நிலையம் தன் மாணவருக்கு மட்டும் பாவித்தால் ஆள்தலைக்கு இவ்வளவு என்று கேட்பது வீண். கணக்குப் பார்க்க ஆள் வைக்கவே அந்தக் காசு போய்விடும். ஒருதடவை விலையும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் போதும். வேறு நிலையத்துக்கு விற்க வெளிக்கிட்டால் மட்டும் பங்கு கேளுங்கள். எந்தத் துறைமுகத்துக்கும் பொருந்தும் பொதுநிரலை நம்மிடம் வைத்துக்கொண்டு, இந்தக் கடலுக்கென்று செய்ததை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். சோளகக் காற்றில் எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது, வாடை பெயர்ந்தால் முகப்பை எப்படித் திருப்புவது என்று நமக்குச் சொல்லித் தரும் படகோட்டி. சட்டம் எண்ணத்தையும் செய்முறையையும் வெறும் தரவையும் காப்பதில்லை; ஆகவே சிமுலேட்டரை ஓட்டுவதே அவரது அனுபவமாக இருந்தாலும் பதிப்புரிமையில் அவருக்கு ஒரு சதம் இல்லை. ஒப்பந்தத்தால் மட்டுமே கொடுக்கலாம். ஆலோசனைக் கட்டணத்தையும், மறுவிற்பனை நடந்தால் அவருக்குரிய பங்கையும், திரையில் அவர் பெயரையும் முதல் வரைவிலேயே எழுதுங்கள். நிலையம் மறுத்தால் அந்தப் பங்கு நம் பங்கிலிருந்து போகட்டும்.