'வயசாயிடுச்சு' என்று நாம் மூடிவைக்கும் நோய்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் (டிமென்ஷியா) உள்ளது. எண்ணிக்கையில் சுமார் 88 இலட்சம் பேர். 'லாசி-டாட்' எனப்படும் தேசிய அளவிலான ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கு இது. 7.4 சதவீதம் என்று செய்தியில் படித்தால் சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஒரு மஹல்லாவில் 60-ஐத் தாண்டியவர்கள் 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஏறத்தாழ 22 பேருக்கு இந்த நோய் இருக்கலாம். யார் யார் என்று ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டால் இரண்டு மூன்று பெயர்தான் வரும். மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

"உம்மாவுக்கு வயசாயிடுச்சு, அதான் மறதி." "நன்னா குழந்தை மாதிரி ஆயிட்டாங்க." இப்படிச் சொல்லியே ஒரு நோயை மூடிவிடுகிறோம். வயதானால் ஆட்களின் பெயர் சட்டென்று வராது. மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவோம். இது இயல்பு. அந்தக் கண்ணாடி எதற்கு என்றே தெரியாமல் விழிப்பதும், நாற்பது வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பதும், சாப்பிட்டுக் கை கழுவிய ஐந்தாம் நிமிடம் "எனக்கு யாரும் சோறு போடல" என்று அழுவதும் இயல்பல்ல. மூளை பழுதுபடுவதன் அறிகுறிகள் அவை. "மருமகள் என் நகையை எடுத்துட்டா" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதும் பல நேரம் இதே நோய்தான். மாமி வேண்டுமென்றே பழி போடுகிறார் என்று மருமகள் நினைக்கிறாள். நோய் என்று தெரிந்திருந்தால் அந்தச் சண்டையில் பாதி நடந்திருக்காது.

அறிந்தவற்றையெல்லாம் மறந்துபோகும் தள்ளாத வயதைப் பற்றி குர்ஆனில் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70-ஆம் வசனம் பேசுகிறது. இதைக் காட்டி, "முதுமை என்றால் அப்படித்தான், டாக்டர் எதற்கு?" என்கிறார்கள் சிலர். அந்த வசனத்தைக் கவனித்துப் படித்தால், எல்லா முதியவர்களையும் அல்ல, சிலரையே அது சொல்கிறது என்பது புரியும். மருத்துவம் சொல்வதும் அதுதான். தொண்ணூறு வயதிலும் தெளிவாக ஓதும் பெரியவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த ஆய்வில் நம் சமுதாயத்தைக் குத்தும் ஒரு தகவல் உண்டு. மறதி நோய் ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். படிப்பு குறைந்தவர்களிடமும் அதிகம். சிறுவயதில் படித்த மூளை, பிற்காலத்தில் வரும் சேதத்தை ஓரளவு தாங்கிக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் கூறும் விளக்கம். பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் உட்காரவைத்த தலைமுறைக்கு இன்று எழுபது வயது. பெண் பிள்ளையின் படிப்பை நாம் வேலை, வரன் என்ற கணக்கில் மட்டுமே பேசிவருகிறோம். முதுமைக் காலத்து அறிவையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

'10/66' என்று ஒரு சர்வதேச ஆய்வுக் குழு உண்டு. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்ற ஆதங்கமே அதன் பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும் சோதனை முறைகளை வகுத்த அந்தக் குழு சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் ஆய்வு செய்தது. ஆகவே இதை 'வெள்ளைக்காரன் நோய்' என்று ஒதுக்க வழியில்லை.

தடுக்க முடியுமா? 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் சரிசெய்தால் உலகில் 45 சதவீதம் வரையிலான மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. இது மக்கள்தொகை அளவிலான மதிப்பீடு. தனி ஒருவருக்கு உத்தரவாதம் அல்ல. சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, உடல் உழைப்பின்மை, தனிமை எல்லாம் அதில் உண்டு. வலீமா வீடுகளில் பிரியாணிக்கு மேல் ஒரு தம்ரூட்டும் வைத்துக்கொண்டு நாம் இதைப் பேசுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று செவித்திறன் குறைவு. காது கேட்காதவர் பேச்சைக் குறைக்கிறார், பயான் புரியாததால் பள்ளிவாசலுக்கு வருவதையும் குறைக்கிறார், பிறகு தனிமை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்த 'அச்சீவ்' ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. மொத்தத்தில் காது கருவி அணிந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பாதிப்பு அபாயம் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது. நரை தெரிந்தால் மருதாணி வைக்கும் நாம், காது கருவி வைக்க வெட்கப்படுகிறோம்.

மறதி தெரிந்ததும் மருத்துவரிடம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு, கீழே விழுந்ததால் தலைக்குள் தேங்கிய இரத்தம் ஆகியவையும் மறதி நோய் போலவே காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று புத்தி தடுமாறினால் அது பெரும்பாலும் கிருமித்தொற்று போன்ற வேறு நோயின் விளைவு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜின், செய்வினை என்று ஊர் ஊராக அலைவதில் இந்த வாய்ப்பு போய்விடுகிறது. ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஓதிவிட்டு இரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள்.

நோயைக் காலத்தில் கண்டறியாததால் சொத்திலும் சிக்கல் வருகிறது. ஹிபா செல்லுபடியாக, கொடுப்பவர் தெளிந்த அறிவோடு இருக்க வேண்டும் என்பது ஷரீஅத்தின் நிபந்தனை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 12-ஆம் பிரிவில் தெளிந்த மனநிலையைக் கேட்கிறது. பெற்ற மகனைத் தெரியாத நிலையில் இருக்கும் உம்மாவின் கைரேகையை ஒரு மகன் பத்திரத்தில் வாங்கினால், மற்ற பிள்ளைகளின் உரிமை அங்கே பறிபோகிறது. 'பவர்' எழுதி வாங்கியிருக்கிறோம் என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. எழுதிக் கொடுத்தவரின் மனநிலை குலைந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். ஆரம்ப நிலையிலேயே தெரிந்தால், அவர் விருப்பத்தை அவரிடமே கேட்டு, எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எழுதலாம்.

வணக்கம் பற்றியும் குடும்பங்கள் தவிக்கின்றன. அறிவு முற்றிலும் மங்கியவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. "அத்தா, நீங்க இன்னும் தொழல" என்று அவரை அதட்ட வேண்டாம். தானாக எழுந்து முஸல்லாவில் நின்றால், ரக்அத் தவறினாலும் நிற்கட்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி இருக்கிறாள். மகன் சபரில் இருக்கிறான். அவன் வீடியோ காலில் பேசும் ஐந்து நிமிடமும் உம்மா நன்றாகவே பேசுகிறார். ஆரம்ப நிலையில் இந்நோயாளிகளால் அது முடியும். "உம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெருசாக்குற" என்கிறான். இரவு மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் மாமியைப் பிடித்து வருவதும், ஒரே இரவில் மூன்று முறை துணி மாற்றுவதும் அவள்தான். பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் கடமை முதலில் மகனுக்கும் மகளுக்கும் உரியது. மருமகள் செய்வது உபகாரம். அதைக் கடமையாக்கி அவள் தலையில் கட்டிவிட்டு, குறையும் சொல்கிறோம்.

அவளுக்கு வாரத்தில் ஒரு பகலாவது ஓய்வு வேண்டும். நாத்தனார் வரலாம், வர முடியாத மகன் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கலாம். மனம் தாங்காதபோது 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மகன் அடுத்த லீவில் வரும்போது கல்யாண வீடுகளுக்கு அலைவதைக் குறைத்துக்கொண்டு, ஒரு வாரம் இரவில் உம்மாவின் அறையில் படுத்துப் பார்க்கட்டும்.