மலம் கடனன்று, நோய்

வடசென்னைக் கடற்கரையில் இராயபுரந் தொட்டு எண்ணூர் முகத்துவாரக்குப்பம் ஈறாகச் செல்லும் வழி, இருவேறு சமயங்களின் அருட்கொள்கைகள் எதிரெதிர் நின்று வழக்குரைக்கும் வழியாகும். தெற்கே இராயபுரத்தில் இராயப்பர் பெயர் தாங்கிய தேவாலயம் நிற்கின்றது. இராயப்பராவார் மீன்பிடித்து வாழ்ந்து, பின்னர் இயேசுநாதர்க்கு மாணாக்கராயினவர். இடையே உள்ளது திருவொற்றியூர். நம்பியாரூரர் சங்கிலியாரை மணந்து, சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த தலம். வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரம். அவ்வாற்றின் மேற்பாங்கரில் உள்ள திருவெண்பாக்கத்திலேதான், கண்ணிழந்த ஆரூரர்க்கு இறைவன் ஊன்றுகோல் அளித்தான் என்பது வரலாறு. 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அப்பழைய கோயில் மறைந்தது. இறைவன் இன்று புதுக்கோயிலில் எழுந்தருளியிருக்கின்றான். ஆகலின் அருளைப் பற்றிய விசாரத்துக்கு இவ்வழியினும் ஏற்ற இடம் பிறிதில்லை.

இக்கரையிலும் பிறவிடங்களிலும் கிறிஸ்தவ போதகர் நெடுங்காலமாகச் சைவர்மேற் சாற்றிவரும் குற்றம் ஒன்றுண்டு. சைவர்க்கு வினையுண்டு, மன்னிப்பில்லை, கணக்குண்டு, கிருபையில்லை, அவர் கடவுள் வினைக்கேற்ப ஊட்டும் கணக்கனேயன்றி இரட்சகன் அல்லன் என்பதே அதன் சாரம். இக்குற்றம் பொருந்துமா என ஆராய்வதே ஈண்டு எடுத்துக்கொண்ட கருமம்.

மறுப்பவர் முதற்கண் எதிரியின் கொள்கையைப் பிழையறக் கூறல் வேண்டும். மனிதன் தன் முயற்சியால் ஈடேறமாட்டான். கடவுளின் கிருபை அவன் தகுதி நோக்கி வருவதன்று. கிறிஸ்து சிலுவையில் மரித்து மாந்தர் பாவத்துக்குப் பரிகாரமானார். அதனை விசுவாசத்தாற் பற்றினோர் இரட்சிப்படைவர் என்பது அவர் துணிபு. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாகியுசை மறுத்து அகுஸ்தீனார் கிருபையின் முதன்மையை நாட்டினர். பதினோராம் நூற்றாண்டிறுதியில் ஆன்செல்மு என்பார், பாவம் கடவுட்குச் செலுத்தவேண்டிய மகிமையைச் செலுத்தாமையாகிய கடன் எனவும், அதனை மனிதன் தீர்க்க இயலாமையின் கடவுளே மனிதனாகித் தீர்த்தார் எனவும் நியாயம் வகுத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் இலூத்தரால் எழுந்த பிணக்கு நெடிது நீண்டு, 1999-இல் உரோமைச் சபையாரும் இலூத்தரன் சபையாரும் இதன் அடிப்படையில் ஒருமித்து அறிக்கையிட்டனர். தமிழில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆங்கில நூலொன்றைத் தழுவி 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமும் இக்கொள்கையைக் காப்பியமாக்கியதே.

இதனுட் சைவர்க்கு உடன்பாடு எது, மாறுபாடு எது என்பதைப் பகுத்தல் வேண்டும். உயிர் தன் முயற்சியால் மட்டும் வீடெய்தாது என்பது சைவர்க்கும் ஒப்ப முடிந்ததே. உயிர் அறிவிக்க அறிவது, தானே அறிவதன்று. திருவருளின் பயன் என்னும் பெயரே பூண்டு, நூறு குறட்பாக்களில் உமாபதிசிவம் ஒரு நூல் செய்தருளியது பதினான்காம் நூற்றாண்டில். பாதிரியாராகிய ஜி. யு. போப்பு எண்பதாண்டு நிரம்பிய முதுமையில், 1900-இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். இலூத்தரன் சபைத் தொண்டராகிய ஷோமெருசு 1912-இல் சைவசித்தாந்தத்தை விரித்து ஜெர்மானிய மொழியில் பெருநூல் எழுதினர். அருளில்லாத சமயத்தின்பால் இவர்கள் இத்துணை உழைப்பைச் செலவிடுவரோ? எனவே 'கிருபையில்லை' என்னும் குற்றம் அவருட் கற்றோராலேயே கைவிடப்பட்டதாம்.

1854-இல் ஆறுமுகநாவலர் சைவதூஷணபரிகாரம் இயற்றியபோது, பெர்சிவல் பாதிரியாரொடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த பயிற்சியால், அவர் வேதத்தைக் கொண்டே அவர் கூற்றைத் தடுத்தனர். அஃது அக்காலத்துக்கு இன்றியமையாத அரண். ஆயினும் தூஷணத்தைத் திருப்பியடித்தல் வேறு. தன் கொள்கையை நிலைநாட்டல் வேறு. அருளைப் பற்றிய வினாவுக்குச் சைவர் தம் நூல்வழி நின்றே விடை கூறல் வேண்டும்.

மாறுபாடு தோன்றும் இடம் ஒன்றே. பாவம் கடன் எனின் ஒருவன் கடனைப் பிறனொருவன் தீர்க்கலாம். கடன் கொடுத்தோனும் ஏற்றுக்கொள்வான். சைவர்க்கோ ஆணவமலம் கடனன்று, நோய். கண்ணைப் படலம் மறைத்தாற்போல உயிரின் அறிவை அநாதியே மறைத்துநிற்பது அது. ஒருவன் கண்ணிற் படலத்துக்கு மற்றொருவன் கண்ணை அறுத்தல் மருத்துவமாகாது. நோயுற்றவன்மாட்டே மருத்துவன் கை சென்று தொடுதல் வேண்டும். அக்கையே திருவருள், அது தொடுதலே தீக்கை. பசித்தவனுக்காகப் பிறன் உண்டு நிறைதல் எங்ஙனம் கூடாதோ, அங்ஙனமே ஓருயிரின் அறியாமைக்கு மற்றொருவர் மரணம் மருந்தாகாது என்க.

அற்றேல், கணக்கனேயன்றி இரட்சகன் அல்லன் என்னும் குற்றம் நிற்குமோ எனின், நில்லாது. வினை சடம், அது தானே சென்று உயிரைப் பற்றமாட்டாது. கூட்டுவிப்பவன் இறைவன், அவன் கூட்டுவித்தலும் நோய் தீர்த்தற்கே. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தி, சத்திநிபாதம் நிகழ்ந்த உயிர்க்கு, அளவிறந்த பிறவிகளில் ஈட்டிய சஞ்சிதம் ஆசாரியன் செய்யும் தீக்கையில் எரிந்தொழிகின்றது. பிராரத்தம் உடலளவாய் ஊட்டிக் கழிகின்றது. ஆகாமியம் ஞானத்தால் ஏறாதொழிகின்றது. மலைபோற் குவிந்த வினையை ஒரு கணத்தில் எரிப்பவனைக் கணக்கன் என்றல் யாங்ஙனம்?

இதற்கு உதாரணம் திருவொற்றியூரிலேயே உளது. ஆரூரர் சங்கிலியாரைப் பிரியேன் என மகிழமரத்தின்கீழ்ச் சூளுரைத்தனர். திருக்கோயிலிற் சூளுறவு நிகழுமாயின், அவ்வேளை இறைவன் அங்கு நீங்கி மகிழின்கீழ் இருக்கவேண்டுமென முன்னரே வேண்டிக்கொண்டார். இறைவனோ, மகிழின்கீழே சூளுறவு கேட்குமாறு சங்கிலியார்க்கு உணர்த்தினன். பின்னர்த் திருவாரூர் வசந்தவிழா நினைவுவர, ஆரூரர் எல்லை கடந்தார். கடந்த அளவிலே கண்கள் மறைந்தன. இவர் யார்? இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பட்டவர், தம்பிரான் தோழர். தோழமையைக் காரணமாகக் கொண்டு இறைவன் தண்டத்தை நீக்கினானல்லன். அவர்க்காகப் பிறரொருவரைத் தண்டித்தானுமல்லன். வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் அளித்தான். காஞ்சியில் இடக்கண் அளித்தான். திருவாரூரில் வலக்கண் அளித்தான். தண்டித்த கையும் கோல் கொடுத்த கையும் ஒன்றே. அறக்கருணை மறக்கருணை என நூல்கள் இரண்டாகப் பகுப்பினும் கருணை ஒன்றே என்பது இதனாற் பெறப்படும்.

இங்கே ஒரு நுட்பம் கருதற்பாலது. ஆரூரர் செய்த பிழை இறைவனுக்கு மட்டும் செய்ததன்று, சங்கிலியார்க்குச் செய்தது. பிழைபட்டவளை ஒருபுறம் விட்டு, இறைவனும் பிழை செய்தவனும் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளின், அது நீதியன்று. இறைவன் தோழனுக்கு எதிராக, தன் கோயிலில் மாலை தொடுத்த ஒரு பெண்ணின் பக்கம் நின்றான். பிறர் பட்ட பாட்டாற் பாவம் கழியும் என்பார் இவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர். அவர் வேதத்தில் வரும் சகேயு என்னும் வரி தண்டுவோன், தான் வஞ்சித்தவர்க்கு நான்மடங்கு திருப்பித் தருவேன் என்றதையும் அவர் மறத்தலாகாது.

இதற்கு அவர் கூறும் தடை இரண்டு. கிறிஸ்து மூன்றாமவர் அல்லர், கடவுளே. ஆகலின் கடவுளே நோவை ஏற்றார் என்பது ஒன்று. சிவபெருமானும் நஞ்சுண்டானன்றோ, பிட்டுக்கு மண்சுமந்து பிரம்படி பட்டானன்றோ என்பது மற்றொன்று. முதலாவது தடையிற் கருணையின் மேன்மை விளங்குகின்றது. அதனைச் சைவர் இகழார். எனினும் இறைவன் நோவை ஏற்றதனால் மட்டும் உயிரின் படலம் கிழியாமையின், வினா நின்றபடியே நிற்கின்றது. இரண்டாவதற்கு விடை: நஞ்சு புறத்தே எழுந்த பகை, அதனைத் தடுத்தல் காவல். உயிரின் மலமோ அகத்தே நின்ற நோய். அதற்குச் செயல் வேறு. மதுரையிற் பட்ட பிரம்படி, அடித்த பாண்டியன் முதுகிலும் எல்லா உயிர்கள்மேலும் பட்டது. ஒருவன் பட்டதால் மற்றவர் தப்பினர் என்பதன்று அதன் கருத்து. எல்லாவுயிரினும் அவன் கலந்து நிற்றலின், எளியார்மேல் ஓங்கிய கை தன்மேலேயே வீழும் என்பதே.

கடன் என்னும் உவமையொன்றே கிறிஸ்தவர் அனைவர்க்கும் உரியதன்று என்பதையும் நடுவுநிலையிற் கூறல் வேண்டும். மருத்துவன் பிணியாளர்க்கே வேண்டும் என இயேசுநாதர் கூறியதாக அவர் வேதம் கூறும். கீழைத் திருச்சபையார் பாவத்தை நோயாகவே பெரிதும் பேசுவர். தம்மைக் கேளாதார்க்கும் ஈடேற்றம் கூடும் என உரோமைச் சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் ஒப்பியது. இவ்வழிச் செல்வோர் சித்தாந்தத்துக்கு அணுக்கராவர். ஒரு பிறவியே தவணை, தவறின் முடிவில்லா நரகம் என்போரிடமே வழக்கு நிற்கின்றது. தவணை குறித்துத் தரும் அருள் அருளாகாது. எவ்வுயிரையும் என்றும் கைவிடாமையே சைவர் கூறும் திருவருளின் இலக்கணம்.

இத்துணையும் பிறர்க்குக் கூறியது. இனிச் சைவர்க்கே கூறவேண்டுவது ஒன்றுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தொடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்திற் பரந்து, படகும் வலையும் கரிந்து, மீனும் நண்டும் மடிந்து, கரைவாழ் மக்கள் பிழைப்பிழந்தனர். அத்தகையாரை நோக்கி, 'உங்கள் வினை' எனக் கூறி அப்பாற் செல்லும் சைவன் சித்தாந்தம் கற்றவனல்லன். வினைக்கொள்கை ஒருவன் தன்னை ஆராய்தற்குத் தந்த விளக்கு. பிறரைச் சுடுதற்குத் தந்த கொள்ளியன்று. துன்புறுவோன் வினையைக் காட்டித் துன்புறுத்துவோனை விடுவித்தல், சங்கிலியாரைக் கைவிட்டு ஆரூரரைக் காத்தலோ டொக்கும். இறைவன் அவ்வாறு செய்திலன். அவன் செய்யாததைச் சைவன் செய்வானாயின், போதகர் சாற்றும் குற்றம் சித்தாந்தத்தின்மேலன்றி அவன்மேற் பொருந்துவதாம்.

கடல்மீன் பிடித்து வாழ்ந்த அதிபத்தரை நாயன்மாராக வணங்குஞ் சமயம் இது. விறகு சுமந்த பெற்றான் சாம்பானுக்குத் தில்லைக் கூத்தனே சீட்டெழுதி விடுப்ப, உமாபதிசிவம் தீக்கை செய்தனர் என்னும் வரலாற்றைப் போற்றுஞ் சமயம் இது. அச்சீட்டைப் படித்தவர் ஆளின் நிலை நோக்கி ஐயுற்றிலர். இன்றோ திருவருட்பயனுக்கு நுண்ணிய உரை கூறும் நாவுகள் மடங்களில் மிக்குள்ளன. முகத்துவாரக்குப்பத்து மணலில் அமர்ந்து, 'உன்னை இறைவன் கைவிட்டிலன்' என எளிய தமிழிற் கூறும் நாவுகள் அரிய. போதகர் அங்குச் செல்கின்றனர், சைவர் செல்லுகின்றிலர். அருளைப் பேசுதலில் வென்று, அருளைக் கொண்டு செல்லுதலில் தோற்றால் அவ்வெற்றியாற் பயன் என்னை?

வாதத்துக்கு விடை நூலில் உளது. வழக்குக்கு விடை நடையில் உளது. ஊன்றுகோல் அளித்த பெருமான், கோலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு அதன் சிறப்பைப் பேசினானல்லன். கண்ணிழந்தவன் கையிற் கொடுத்தான். சைவ மெய்யன்பர் இதனை உய்த்துணர்ந்து ஒழுகுவாராக.